நாற்பது ரூபாய்ச் சாப்பாடு

சென்னைப் பெருங்குடியில் வேலை பார்க்கும் என் மகளிடம் இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது ஒன்றுதான். கடையில் 130 ரூபாய் கொடுத்து வாங்கும் சிக்கன் ரைஸுக்குப் பதிலாக ஒரு குழம்பும் ஒரு பொரியலும் வைத்துச் சோறு வடித்தால் 40 ரூபாயில் முடிந்துவிடும், உடம்புக்கும் நல்லது. சென்ற ஆண்டு மார்ச்சில் அவளுடைய இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தபோது என் பேச்சு இன்னும் கூடியது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்கிறார்கள். ஒரு நாள் அவள் பொறுமை இழந்து, "அம்மா, அந்த நாற்பது ரூபாய் நம்ம வீட்டு அடுப்படியிலதான். இங்க வந்து வடிச்சுப் பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். கோபத்தில் சொன்னதுதான் என்றாலும் அந்தச் சொல் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் 24 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். ஒரு தொகையை எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்பவள் நான். அந்த 40 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியவில்லை.

மே விடுமுறை தொடங்கியதும் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றையும் 80 பக்க நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன். 26 நாள் மகளுடன் தங்கினேன். திண்டுக்கல்லைச் சேர்ந்த தோழி ஒருத்தியும் அவளும் சேர்ந்து எடுத்திருக்கும் வீடு அது. ஒரு கூடம், ஓர் ஆள் நின்றால் நிறைந்துவிடும் சமையல் மேடை, ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மிக்ஸி, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் கிடையாது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம். மகளுக்கு மதியம் 2 மணிக்கு வேலை, இரவு 11 மணிக்கு முடியும், அலுவலக வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது 11.45 ஆகியிருக்கும். தோழி அப்போது ஊருக்குப் போயிருந்ததால் முதல் பத்து நாளும் நாங்கள் இருவர் மட்டுமே.

முதல் நாள் மளிகைக் கடையில் பில் 1,460 ரூபாய். கடுகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம், புளி, மல்லித்தூள், மஞ்சள் தூள், எண்ணெய், பருப்பு, அரிசி என்று எல்லாவற்றிலும் இருப்பதிலேயே சிறிய பொட்டலத்தைத்தான் எடுத்தேன். சிறிய பொட்டலம் என்றால் கிராமுக்கு விலை கூடுதல் என்பது தனிக்கதை. எங்கள் ஊர்க் குடும்ப அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டையில் மகளின் பெயர் இருக்கிறது. ஆனால் அரிசி பாளையங்கோட்டையில் இருக்கிறது, அவள் பெருங்குடியில் இருக்கிறாள். கடையில் அதே பருப்புக்கு நான்கு மடங்குக்கு மேல் கொடுத்தேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்ற சலுகையும் அவளிடம் வந்து சேரவில்லை. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கிக்கொள்கிறார். நான் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த 40 ரூபாய்க்கு அடியில் இப்படி எத்தனை தாங்குகோல்கள் இருந்தன என்பது அன்று மாலை நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அதைவிட வருத்தமாக இருந்தது குப்பைக்குப் போன பொருள். தேங்காய் ஒன்று வாங்கினால் அரை மூடியில் சட்னி, மீதி அரை மூடி மறுநாள் காலையில் வழவழவென்று இருந்தது. கொத்தமல்லிக் கட்டில் ஒரு கைப்பிடி ரசத்துக்குப் போயிற்று, மிச்சம் வெயிலில் சுருண்டு கறுத்தது. காலையில் வாங்கிய அரை லிட்டர்ப் பாலில் மிச்சம் இருந்தது இரவு திரிந்தது. கால் கிலோவுக்குக் குறைத்துக் காய் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கொடுத்தார் என்றாலும், கால் கிலோ கத்தரிக்காயே இருவருக்கு இரண்டு வேளைக்கு வந்தது. ஒரே காயை மறுவேளையும் பார்த்தால் மகள் தட்டைத் தள்ளினாள். ஊரில் இவற்றில் ஒன்றுகூட வீணாகாது. அதற்குக் காரணம் என்னுடைய சிக்கனம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் கணக்கை முடித்தேன். கையிலிருந்து போன பணம் 4,310 ரூபாய். 46 சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்கு 94 ரூபாய்க்குச் சற்றே குறைவு. அந்தத் தெருவில் ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு பார்சல் 90 ரூபாய். மீதமிருந்த சரக்கின் மதிப்பு 1,390 ரூபாயைக் கழித்துவிட்டால் சாப்பாடு ஒன்றுக்கு 63 ரூபாய் வரும், முறைப்படி அதுதான் சரியான கணக்கு. ஆனால் 20-ஆம் தேதிக்குமேல் வங்கியில் இருப்பு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் ஒரு பெண்ணிடம், அலமாரியில் 1,390 ரூபாய்க்குக் கடுகும் புளியும் இருக்கிறதே என்று சொல்லி என்ன பயன்? போதாக்குறைக்கு 420 ரூபாய்ப் பொருள் குப்பையில் போயிருந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் அந்த மேடை முன்னால் நான் நின்ற நேரத்துக்கு நோட்டில் வரியே இல்லை. மகள் சொன்னது சரிதான் என்று அன்றே ஒப்புக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் இரவு

ஆனால் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே, அதாவது ஒன்பதாம் நாள் இரவு நடந்த ஒன்று கணக்கில் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று மகளுடைய குழுவில் யாருக்கோ பிறந்தநாள். அலுவலகத்திலேயே எல்லோரும் ஷவர்மா வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். அதைச் சொல்லிக் குறுஞ்செய்தி வருவதற்குள் இருவருக்கும் சோறு வடித்து இறக்கியிருந்தேன். 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். நள்ளிரவில் அவளிடம் அதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். சோறு ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் போட்டு, சோறு முழுவதும் மூழ்கும்படித் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். யோசித்துச் செய்ததில்லை. என் அம்மா செய்ததை, அவள் அம்மா செய்ததை, என் கை செய்தது.

மறுநாள் காலை 9 மணிக்கு மூடியைத் திறந்தபோது இலேசான புளிப்பு வாசனை வந்தது. நீராகாரம் மங்கலான வெள்ளையாய் மேலே நின்றது, சோறு அடியில் விரிந்து மலர்ந்திருந்தது. கல் உப்புப் போட்டு, முந்தைய நாள் மோரை விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நான்கை உரித்து வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மோர்மிளகாய் இரண்டு வறுத்தேன். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கி நீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கும் இதையே வையி" என்றாள். பிறகு நான் நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன், "காலை – 2 சாப்பாடு" என்று எழுதினேன், செலவுக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. வெங்காயத்தையும் மோர்மிளகாயையும் எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் நான்கு ரூபாயைத் தாண்டவில்லை. அடுப்பு பற்றவைத்தது இரண்டு நிமிடம்.

பதினோராம் வகுப்பில் தொடக்கத்திலேயே 'நிறுவனத் தொடர்ச்சிக் கருத்து' என்று ஒன்று வரும். ஒரு தொழில் நாளைக்கும் நடக்கும், அடுத்த ஆண்டும் நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அதன் கணக்கை எழுத முடியும்; இன்றோடு மூடப்போகும் கடை என்றால் அதிலுள்ள பொருளுக்கு மதிப்பே வேறு. இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நாங்கள் இருவர்தான் என்று ஒவ்வொரு வேளைக்கும் அளந்து வாங்கி, அளந்து சமைத்து, அந்த வேளையோடு முடித்துக்கொண்டிருந்தேன். நாளொன்றுக்கு இரண்டு முறை கடையைத் திறந்து இரண்டு முறை மூடியதுபோல. எங்கள் ஊர் அடுப்படியில் ஒரு வேளை தனியாக இருப்பதே இல்லை. நேற்றைய மிச்சம் இன்றைய முதல், இன்றைய மிச்சம் நாளைய முதல். என் 40 ரூபாய் வந்தது அங்கிருந்துதான். அதை எந்த ஒற்றை வேளையின் விலையாகவும் பிரித்துக் காட்ட முடியாது.

பதினோராம் நாள் தோழியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து சமைக்கும் முறையையே மாற்றினேன். பருப்பு ஒரு நாள் வேகவைத்தால் மேலே தெளிந்த தண்ணீர் ரசத்துக்கு, அடியில் உள்ளது சாம்பாருக்கு. தேங்காய் உடைத்த அன்றே பாதியைத் துருவிச் செந்நிறமாக வறுத்துப் பொட்டுக்கடலையும் மிளகாய் வற்றலும் சேர்த்துப் பொடியாக்கினேன். ஃப்ரிட்ஜ் இல்லாமலே பத்து நாள் கெடவில்லை. கொத்தமல்லிக் கட்டு வாங்கிய அன்றே புளி வைத்து நல்லெண்ணெயில் வதக்கித் துவையலாயிற்று. மாவு ஆட்ட கிரைண்டர் இல்லை, மிக்ஸியில் அரைத்துச் சூடேறிய மாவு எனக்குப் பிடிக்கவும் இல்லை; தெருவில் மாவு ஆட்டி விற்கும் அம்மாவிடம் ஒரு கிலோ 60 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம். மாவைக் கடையில் வாங்கினால் அது வீட்டுச் சமையல் ஆகாது என்று முன்பு நானே பிறரைக் குறை சொன்னது உண்டு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தயிருக்குக் கீழ்வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்கினேன். அந்த வெயிலில் ஐந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும், மறுநாளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பதை மட்டும் மறக்கக் கூடாது. புளித்துப் போனால் மோர்க்குழம்பு.

அடுத்த பதினாறு நாளுக்குக் கணக்கு இது: கையில் இருந்த சரக்கு 1,390, வாங்கியது 2,810, கடைசியில் மிஞ்சியது 1,310. ஆக, தீர்ந்தது 2,890 ரூபாய். மூன்று பேருக்கு 92 சாப்பாடு. ஒன்றுக்கு 31 ரூபாய் சொச்சம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு நாளொன்றுக்கு இரண்டு யூனிட் என்று வைத்து 9 ரூபாய் விகிதத்தில் சேர்த்தாலும் 35 ரூபாயை எட்டவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் முட்டை உண்டு. வீணானது 30 ரூபாய்க்கும் குறைவு. மேடை முன்னால் நின்ற நேரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது.

தெருமுனைக் கடை

அந்த நாள்களில் மாலைநேரத்தில் தெருமுனையில் உள்ள ஃபாஸ்ட் ஃபுட் வண்டியைப் போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மகளின் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. ஐந்து மணிக்கு வண்டி வரும்போதே சோறு வெந்து உதிர்த்து ஆறவைத்து வந்துவிடும். முட்டைக்கோஸும் கேரட்டும் நறுக்கி இரண்டு பெரிய டப்பாவில் இருக்கும். மசாலா தடவிய கோழித்துண்டுகளை முதலில் ஒரு முறை பொரித்துக் குவித்து வைத்துவிடுவார்கள். ஆள் வந்து கேட்டால், பெரிய தீயில் வாணலியைக் காயவைத்து, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, முட்டை, காய், கோழி, சோறு, சோயா சாஸ், மிளகுத்தூள் என்று போட்டுப் புரட்டி நான்கு நிமிடத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார் அந்த இளைஞர். அவருடைய வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அங்கேயும் அதே தொடர்ச்சிக் கருத்துதான் வேலை செய்கிறது என்று தோன்றியது. பகலிலேயே பாதி வேலையை முடித்து வைத்திருப்பதால்தான் இரவு 11.45-க்கு ஒருத்திக்கு அவரால் சூடாகச் சோறு போட முடிகிறது. வெறும் அடுப்பும் காலிப் பாத்திரமும் காத்திருக்கும் வீட்டில், ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வரும் பெண், பருப்பு நனைக்கத் தொடங்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

உடம்புக்கு அந்தச் சாப்பாடு ஆகாது என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. காரணங்களை மட்டும் சரியாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் அஜினோமோட்டோவைத்தான் பழி சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பயம் உப்பில்தான். ஒரு பெரிய கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அடுத்தது எண்ணெய். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. தெருமுனையில் அதை யார் அளந்து பார்ப்பது? அந்த வாணலி எண்ணெய் ஏழு மணிக்கே காப்பித்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாவது, அந்தப் பொட்டலத்தில் என்ன இல்லை என்பது. கீரை இல்லை, பயறு இல்லை, நார்ச்சத்து பெயருக்குத்தான். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் என் மகளும் ஒருத்தி.

ஆனால் வீட்டில் சமைத்துவிட்டாலே நல்ல சாப்பாடு என்று இத்தனை காலம் நான் நம்பியதும் தவறு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவில் நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், தானியம் 250 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். தெருவில் காய்க்கடைத் தராசில் நிறுத்து வாங்கி வந்து ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். ஆளுக்குக் காய் 200 கிராமைத் தாண்டவில்லை, சோறுதான் குவிந்தது. பாளையங்கோட்டையிலும் இதே கதைதான் என்று தெரியும், அங்கே நிறுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முருங்கைக்கீரையை வாரத்துக்கு இரண்டு நாள் பருப்போடு வதக்கினேன், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டட்டும் என்று எலுமிச்சை பிழிந்தேன், சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பதை இருவரையும் நிறுத்தச் சொன்னேன். பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று வாட்ஸப்பில் வரும் செய்தியை நான் நம்பவில்லை. சோற்றில் இல்லாத இரும்பு தண்ணீரில் ஊறியதால் முளைத்துவிடாது. இருப்பதை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளப் புளிப்பு உதவும், அது போதும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்களுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று ஆராய்ந்து வருகிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். இந்தத் தொடர்ச்சி தானாக நடக்காது. உறை எடுத்து வைத்தாயிற்றா, மாவு புளித்துவிட்டதா, பருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று யாரோ ஒருவர் தலையில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் தலை, எனக்கு முன்னால் என் மாமியார் தலை. 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. மகள் சம்பாதிக்கட்டும் என்று படிக்கவைத்துவிட்டு, என் தலையில் இருந்ததை முழுவதுமாக அவள் தலைக்கு மாற்றி வைத்தால் அது நியாயம் ஆகாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். காலை வேலை தோழிக்கு, இரவு அரிசி களைந்து வைப்பதும் உறை ஊற்றுவதும் மகளுக்கு, வாரத்தில் மூன்று இரவு வெளியே வாங்கிக்கொள்ளலாம். அந்த மூன்று இரவும் மெஸ் சாப்பாடாக இருக்கட்டும் என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சரி என்று மட்டும் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்டில் மகள் ஊருக்கு வந்தாள். ஹீமோகுளோபின் 11.1 ஆகியிருந்தது. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்கு அதில் பெரும்பங்கு உண்டு, சாப்பாட்டுக்கும் கொஞ்சம் இருக்கட்டும். நான் விட்டுவந்த நோட்டை அவளாகவே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஜூன் கடைசி வாரம் முழுவதும் ஒரு வரிகூட இல்லை, வேலை நெருக்கடி என்றாள். ஜூலையில் நான்கு பக்கம் அடர்த்தியாக எழுதியிருந்தது, அதில் சிக்கன் ரைஸ் ஆறு முறை. கடைசிப் பக்கத்தில் நான் சொல்லிக் கொடுத்தபடியே 'இறுதிச் சரக்கிருப்பு' என்று தலைப்பிட்டு, அடிக்கோடு இட்டு, அவள் கையெழுத்தில் பட்டியல் இருந்தது. அரிசி 2 கிலோ, பருப்பு அரைக் கிலோ, தேங்காய்ப்பொடி பாதி டப்பா, மாவு நாலு தோசைக்கு. அதற்கும் கீழே: "உறை – ஒரு கிண்ணம். கீழ்வீட்டு ஆன்ட்டி ஊருக்குப் போயிட்டு வந்து நம்மகிட்ட வாங்கிட்டுப் போனாங்க."